வெளிர் நிறச் சீருடையும் நம்ம அஞ்சு நாளும்



இந்த மலருக்கு ஆளுக்கொரு வரலாறு எழுதித் தரச் சொன்னாங்க. சேமிப்பு வரலாறு, வங்கிக் கடன் வரலாறு, தையல் யூனிட் வரலாறு எல்லாம் மத்தவங்க எழுதியிருக்காங்க. நான் எடுத்துக்கிட்டது சீருடை வரலாறு. அதுவும் மாதவிலக்கு நாள்ல போடுற சீருடை. "இதையெல்லாமா புத்தகத்துல போடுவாங்க?"ன்னு ரெண்டு பேர் கேட்டாங்க. போடணும்ங்க. நம்ம உறுப்பினர்கள்ல எத்தனை பேர் ஆஸ்பத்திரியில ஹவுஸ்கீப்பிங் பாக்குறோம், ஜவுளிக் கடையில நிக்கிறோம், மில்லுக்குப் போறோம், பள்ளிக்கூடத்துல ஆயாம்மாவா இருக்கோம்? சந்தனம், இளம் ரோஸ், வெளிர் நீலம், வெள்ளைன்னு ஏதோ ஒரு வெளிர் நிறத்தைத்தான் நமக்குத் தைச்சுக் கொடுக்குறாங்க. மாசத்துல அஞ்சு நாள் அந்த உடுப்பு நம்மளப் படுத்துற பாடு நமக்குத்தான் தெரியும்.

கறை பட்டா தலை குனியிறது நாம. அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தது நாம இல்லை. இந்த ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

வெள்ளை எங்கிருந்து வந்தது?

நர்ஸுன்னா வெள்ளைன்னு நம்ம மனசுல பதிஞ்சு போச்சு. ஆரம்பத்துல அப்படி இல்லை. 1854ஆம் ஆண்டு கிரிமியப் போரில் காயம்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொள்ள, ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 38 பெண்களோடு துருக்கியில் இருந்த ஸ்கூட்டாரி மருத்துவமனைக்குப் போனார். அந்தப் பெண்கள் போட்டிருந்தது சாம்பல் நிறக் கம்பளி உடுப்பு. அந்தக் காலத்து டாக்டர்களும் கறுப்புக் கோட்டுதான் போட்டாங்க.

கிருமிகளால் நோய் பரவுகிறது என்பது 1800களின் கடைசியில் உறுதியான பிறகுதான் மருத்துவமனை வெள்ளைக்கு மாறியது. காரணம் நியாயமானது. வெள்ளைத் துணியில் ரத்தமோ சீழோ பட்டா உடனே கண்ணுக்குத் தெரியும், கொதிக்க வச்சு வெளுக்கலாம். நோயாளிக்கு அது நல்லது. ஆனா கறை பட்டா தெரியணும்னே தேர்ந்தெடுத்த நிறம் அது. அதைப் போட்டுக்கிட்டு நாள் முழுக்க நிக்கப்போறவங்களுக்கு மாசாமாசம் ரத்தம் போகும்னு யாரும் கணக்குல சேர்க்கலை.

அப்புறம் வெள்ளையும் வெளிர் நிறமும் "சுத்தத்துக்கு" அடையாளமாகி, ஓட்டல், கடை, கம்பெனி, பள்ளின்னு எல்லா இடத்துக்கும் பரவிருச்சு. கிருமிக்கும் நகைக்கடை கவுன்டருக்கும் சம்பந்தம் கிடையாது. பார்க்க எடுப்பா இருக்கும், அவ்வளவுதான்.

நம்ம பாட்டிமார் காலம்

எங்க அப்பத்தா காட்டு வேலைக்குப் போனவங்க. அரக்கு, கரும்பச்சை, கருநீலம் தவிர வேற சேலை கட்டி நான் பார்த்ததில்லை. கொசுவம் வச்ச சேலை நாலஞ்சு மடிப்பு விழும். மேல ஒரு கறை தெரியறதுக்குள்ள வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்திருவாங்க. பழைய வேட்டியக் கிழிச்சு மடிச்சு வச்சுக்குவாங்க. அதைத் துவைச்சு, யார் கண்ணுலயும் படாம வேற துணிக்கு அடியில காயப்போடுவாங்க. வெயில் படாத துணியால அரிப்பு, புண்ணு, தொற்றுன்னு அவங்க பட்டதும் நெறைய. "வீட்டுக்குத் தூரம்"னு திண்ணையில, மழையில ஒதுக்கி வச்சதையும் நான் பெருமையாச் சொல்ல வரலை.

ஆனா ஒண்ணு. என்ன நிறம் கட்டணும்னு அப்பத்தா தானே முடிவு பண்ணாங்க. காட்டுல மறைவுக்கு ஒதுங்க யார்கிட்டயும் சாவி கேக்கலை. நாம சம்பள வேலைக்கு வந்தப்ப அந்த ரெண்டும் நம்ம கையை விட்டுப் போச்சு. அதுக்குப் பதிலா சட்டம் ஒண்ணு வந்தது. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 19ஆவது பிரிவு, பெண்களுக்குத் தனியான, மறைவான கழிப்பறை இருக்க வேண்டும் என்றது. எங்கெங்க அது தாளோட நின்னு போச்சுங்கிறதை நான் சொல்ல வேண்டியதில்லை.

போர் ஆஸ்பத்திரியில் பிறந்த நாப்கின்

இன்னைக்குக் கடையில விக்கிற நாப்கினோட பிறப்புலயும் சீருடைப் பெண்கள்தான் இருக்காங்க. முதல் உலகப் போர் நேரத்தில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு. அமெரிக்காவில் கிம்பர்லி கிளார்க் என்ற கம்பெனி மரக்கூழில் இருந்து ஒரு பொருளைச் செய்து, புண்ணுக்குக் கட்ட ராணுவத்துக்குக் கொடுத்தது. பஞ்சை விட அது பல மடங்கு உறிஞ்சும். போர் ஆஸ்பத்திரிகளில் இருந்த நர்ஸுகள் அதையே எடுத்து மாதவிலக்குக்கும் வச்சுக்கிட்டாங்க. யாரும் சொல்லித் தரலை. தேவை அவங்களுக்குத் தெரிஞ்சது, பொருள் கையில இருந்தது. போர் முடிஞ்சதும் மிச்சச் சரக்கை என்ன பண்றதுன்னு யோசிச்ச கம்பெனி, 1920ல் அதையே "கோடெக்ஸ்" என்று கடைக்குக் கொண்டு வந்தது.

கடைக்காரர்கிட்ட பேர் சொல்லிக் கேக்க அங்கேயும் பெண்களுக்குக் கூச்சம். அதனால சில கடைகள்ல நாப்கின் பக்கத்துல ஒரு உண்டியல் வச்சாங்க. காசைப் போட்டுட்டு, பேசாம எடுத்துக்கிட்டுப் போயிரலாம். நம்ம ஊர்ல இன்னைக்கும் செய்தித்தாள்ல சுத்தி, கறுப்புக் கவர்ல போட்டுத் தர்றாங்களே, அதுக்கு அக்கா முறை அது.

அப்போ ஒட்டுற நாப்கின் கிடையாது. இடுப்புல பெல்ட்டு, ஊக்கு, கொக்கி. நகராம நிக்கிற பெல்ட்டு ஒண்ணை மேரி கென்னர் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண் கண்டுபிடித்தார். அதை வாங்க ஆசைப்பட்டு வந்த கம்பெனி, அவர் கறுப்பினப் பெண் என்று தெரிந்ததும் பின்வாங்கியது. பசை தடவி ஒட்டும் நாப்கின் 1970 வாக்கில்தான் பரவலாச்சு.

கோயம்புத்தூரில் ஒரு இயந்திரம்

நம்ம பக்கத்துக் கதை உங்களுக்குத் தெரிஞ்சதுதான். 1998ல் கல்யாணம் ஆன புதுசுல, மனைவி பழந்துணியை ஒளிச்சு எடுத்துக்கிட்டுப் போறதைப் பார்த்து, கோவை அருணாசலம் முருகானந்தம் நாப்கின் செய்ய இறங்கினார். உள்ளே இருப்பது பஞ்சு என்று நினைத்துச் செய்து செய்து பார்த்தார், சரி வரலை. கடைசியில் அது மரக்கூழ் நார் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தப் போர் ஆஸ்பத்திரி நர்ஸுகள் கையில் எடுத்த அதே மரக்கூழ்! குறைந்த விலையில் அவர் செய்த இயந்திரம் நாடு முழுக்கப் பல சுய உதவிக் குழுக்களுக்குப் போனது. 2016ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

தமிழ்நாட்டில் 2011ல் "புது யுகம்" திட்டம் அறிவிக்கப்பட்டது. கிராமத்து வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின். ஆறு நாப்கின் உள்ள பாக்கெட்டு, ரெண்டு மாசத்துக்கு மூணு. பெரிய உதவி. ஆனா அதிகமாப் போற பிள்ளைக்கு ஒரு மாசத்துக்கு ஒன்பது நாப்கின் ரெண்டு நாளைக்குக் கூட வராது. 2017ல் ஜி.எஸ்.டி. வந்தப்போ நாப்கினுக்கு 12 சதவீத வரி போட்டாங்க. பெண்கள் நாடு முழுக்கக் குரல் கொடுத்த பிறகு, 2018 ஜூலையில் அந்த வரி நீங்கியது.

பெரும்பாடு

நம்ம பழைய வைத்தியத்தில் இதுக்குன்னு ஒரு சொல் உண்டு: பெரும்பாடு. பேரிலேயே எல்லாம் இருக்கு. சாதாரணமா ஒரு மாதவிலக்குக்கு 30, 40 மில்லி ரத்தம் போகும். 80 மில்லிக்கு மேல போனா அதிகம்னு மருத்துவம் கணக்கு வச்சிருக்கு. அது பெரும்பாலும் அரை டம்ளர் காபி அளவு. அளந்து பார்க்க முடியாதுங்கிறதால சில அடையாளம் சொல்றாங்க: ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைஞ்சு போறது, ஒரு ரூபாய்க் காசை விடப் பெரிய கட்டி விழறது, ஏழு நாளைத் தாண்டிப் போறது, ராத்திரி எந்திரிச்சு மாத்த வேண்டியிருக்கிறது. அதனால வேலையோ தூக்கமோ கெட்டாலே அது சிகிச்சை எடுக்க வேண்டிய விஷயம்தான்.

நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில 14 வருஷம் ஹவுஸ்கீப்பிங் பார்த்தேன். சந்தன நிற டாப்ஸ், வெள்ளை பேன்ட். 12 மணி நேர ஷிஃப்ட். பணியாளர் கழிப்பறை கீழ் தளத்துல, சாவி செக்யூரிட்டி அண்ணன்கிட்ட. நான் நாலாவது மாடி. ரெண்டாம் நாளும் மூணாம் நாளும் ரெண்டு நாப்கினைச் சேர்த்து வைப்பேன், அதுக்கு மேல துணி, அதுக்கு மேல இறுக்கமா ஒரு கறுப்பு டைட்ஸ். நாற்காலியில உக்கார மாட்டேன். லிஃப்ட்டுல முதுகைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிப்பேன். நாங்க பெண்கள் ஒருத்தருக்கொருத்தர் ஒரு பாஷை வச்சிருந்தோம். "அக்கா, கொடி பறக்குதா?"ன்னு கேட்டுட்டு முன்னாடி நடந்தா, பின்னாடி பாருன்னு அர்த்தம். "பறக்கலை கண்ணு"ன்னு பதில் வந்தா உசுரு வரும். தாகம் எடுத்தாலும் தண்ணி குடிக்காம இருந்த பிள்ளைகள் அங்க எத்தனையோ பேர்.

இப்படி மறைச்சே ஓட்டுறதுல ஒரு ஆபத்து. கறையை மறைக்கிறதுலயே கவனம் போயி, ரத்தம் போறதை விட்டுடுறோம். ஐசியூவுல வேலை பார்த்த ஒரு தங்கச்சி மாடிப்படியில மயங்கி விழுந்தா. பரிசோதிச்சப்ப ஹீமோகுளோபின் ஆறு. பெண்களுக்கு 12க்குக் கீழ போனாலே ரத்தசோகை. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை என்கிறது. அந்தத் தங்கச்சிக்கு வயசு 34. "கர்ப்பப்பையை எடுத்துடலாம், தொல்லை விட்டுச்சு"ன்னு சொந்தக்காரங்க சொன்னாங்க. வேற டாக்டர்கிட்ட காட்டினதுல சின்ன நார்க்கட்டின்னு தெரிஞ்சு, மருந்துலயே கட்டுக்கு வந்திருச்சு.

கர்ப்பப்பையை எடுக்குற பேச்சு லேசானது இல்லை. மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களை 2019ல் அரசுக் குழு விசாரித்தது. 82,000க்கும் மேற்பட்ட பெண்களில் 13,000 பேருக்கு மேல் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம், காட்டில் கழிப்பறை இல்லை, ஓய்வு இல்லை. அதே 2019ல், நம்ம மாநிலத்துத் தையல் ஆலைகளில் மாதவிலக்கு வலிக்குப் பேர் எழுதாத மாத்திரைகளைக் கொடுத்து வேலை வாங்கிய செய்தியும் வெளியானது. வேலை இடத்தைத் திருத்துறதுக்குப் பதிலா நம்ம உடம்பைத் திருத்தப் பார்த்த கதைகள் இவை.

மருந்தே இல்லைன்னு நினைக்காதீங்க. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்தைக் கண்டுபிடித்ததில் ஒரு பெண்ணுக்குப் பங்கு உண்டு. ஜப்பானைச் சேர்ந்த உதாகோ ஒகாமோட்டோ. பிரசவத்தில் ரத்தம் போய்ப் பெண்கள் சாவதைத் தடுக்கணும்னு, கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கிட்டே ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர். தன் கணவரோடு சேர்ந்து 1962ல் அந்த ஆய்வை வெளியிட்டார். இன்றைக்கு அதிக மாதவிலக்குக்கும் அந்த மருந்தைத் தர்றாங்க. ரத்தக்கட்டு நோய் இருந்தவங்களுக்கு அது ஆகாது, அதனால டாக்டர் சொல்லாம வாங்கக் கூடாது.

நிறம் மாறின கதைகள்

லண்டன் விம்பிள்டன் டென்னிஸ் போட்டியில் ஆடுகிறவர்கள் உச்சி முதல் பாதம் வரை வெள்ளைதான் போடணும். நூறு வருஷத்துக்கு மேலான பழக்கம். மாதவிலக்கு நாளில் வெள்ளையில் ஆடுவது எவ்வளவு பயம் என்று வீராங்கனைகள் வெளிப்படையாகச் சொன்ன பிறகு, பாவாடைக்குள் அடர்நிற உள்கால்சட்டை போடலாம் என்று 2022 நவம்பரில் விதியைத் தளர்த்தினார்கள். இங்கிலாந்து பெண்கள் கால்பந்து அணியும் இதே காரணத்துக்காக, 2023ல் வெள்ளை டவுசரை விட்டு நீலத்துக்கு மாறியது. கோடிக் கணக்கில் பணம் புழங்குற ஆட்டத்துலயே வாயைத் திறந்து கேட்டாத்தான் கிடைச்சிருக்கு.

நம்ம ஊர்லயும் நடந்திருக்கு. காக்கியும் வெளிர் நிறம்தான். முக்கியப் பிரமுகர்கள் வரும்போது ரோட்டோரம் மணிக்கணக்கில் நிற்கும் வேலை பெண் போலீசாருக்கு வேண்டாம் என்று 2021 ஜூனில் தமிழ்நாட்டில் உத்தரவு வந்தது. பக்கத்து மாநிலத்துல கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில், தையல் வேலை பார்த்த விஜி என்பவரும் கடைப் பெண்களும் சேர்ந்து முதலில் கேட்டது கழிப்பறை, அடுத்து உட்காரும் உரிமை. 2018ல் கேரளத்தில் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் 2021ல் கடைகள் சட்டம் திருத்தப்பட்டு, பணியாளர்களுக்கு இருக்கை கட்டாயமானது.

நம்ம கதை

அந்தத் தங்கச்சி மயங்கி விழுந்த மாசம், அந்த ஆஸ்பத்திரியில வேலை பார்த்த நம்ம குழுப் பெண்கள் 11 பேர் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வந்தோம். சொல்ல வேண்டியதைச் சொன்னோம். தீர்மானம் எழுதுறப்போ செயலாளர் பேனாவை நிறுத்திட்டாங்க. "உடல்நலக் காரணங்களால்னு போட்டுக்கலாமா?"ன்னாங்க. எங்க மூத்த பெரியக்கா, கையெழுத்து மட்டும் போடத் தெரிஞ்சவங்க, சொன்னாங்க: "உடல்நலம்னா காய்ச்சல்னு நினைச்சுக்குவாங்க அம்மிணி. மாதவிலக்குன்னே எழுது. நாளைக்கு ஒருத்தரும் மாத்திச் சொல்லக் கூடாது."

அப்படியே எழுதுனோம். நாலு கோரிக்கை: அடர்நிறச் சீருடை, மாடிக்கொரு பணியாளர் கழிப்பறை, நாப்கின் போட மூடி வச்ச தொட்டி, உக்கார ஸ்டூல். ஒப்பந்தக்காரர் முதல்ல சிரிச்சாரு, அப்புறம் துணி வாங்கி ஸ்டாக் வச்சிருக்கேன்னாரு. மூணு தடவை போனோம். கடைசியில, டாப்ஸ் அப்படியே இருக்கட்டும், பேன்ட்டை மட்டும் மெரூனுக்கு மாத்திக்கலாம்னு ஒத்துக்கிட்டாரு. டாப்ஸும் முழங்கால் வரைக்கும் இறக்கமா இருக்கணும்னு சேர்த்துக் கேட்டோம். தைக்கிற ஆர்டரை நம்ம தையல் யூனிட்டே வாங்குச்சு. நமக்காக நாமளே தைச்சு, கூலியும் வாங்குனோம்.

ரெண்டாவது மாடியிலயும் நாலாவது மாடியிலயும் கழிப்பறை திறந்து விட்டாங்க. சாவி கேக்குற வேலை நின்னுச்சு. தொட்டி வந்தது. ஸ்டூல் மட்டும் இன்னும் வரலை. அந்தத் தீர்மானம் இன்னும் முடியாத கணக்காவே நோட்டுல இருக்கு.

நம்ம சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்

ஒரு சின்ன நோட்டுல மூணு மாசம் தேதியும், எத்தனை நாப்கின் மாத்துனீங்கன்னும் குறிச்சு வைங்க. டாக்டர்கிட்ட "நெறையப் போகுது"ன்னு சொல்றதை விட அந்த நோட்டு நல்லாப் பேசும். ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹீமோகுளோபின் பரிசோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் இலவசம். மாத்திரையை டீ, காபியோட சேர்க்காதீங்க. தைராய்டு, நார்க்கட்டி, காப்பர் டி எதனாலயும் அதிகமாப் போகலாம், பார்த்துக்கணும். மாதவிலக்கு நின்னு ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் உடனே போயிருங்க.

துணியில கறை பட்டா பச்சைத் தண்ணியிலதான் அலசணும். சுடுதண்ணி ஊத்துனா கறை பிடிச்சுக்கும். வேலைக்குப் போற பையில ஒரு அடர்நிற பேன்ட்டோ உள்பாவாடையோ, ரெண்டு நாப்கினோ எப்பவும் இருக்கட்டும். அதிகமாப் போறவங்க மாதவிலக்குக் கோப்பையைப் பத்தி டாக்டர்கிட்டயோ நர்ஸுகிட்டயோ கேட்டுப் பாருங்க. சாதாரண நாப்கினை விட அது கூடுதலாப் பிடிக்கும். கேரளத்தில் ஆலப்புழை நகராட்சி 2019ல் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இலவசமாக் கொடுத்தது.

இதெல்லாம் அவங்கவங்க பார்த்துக்கிறது. நிறம், கழிப்பறை, ஸ்டூல் எல்லாம் ஒருத்தியா பார்த்துக்க முடியாது. உங்க வேலை இடத்துல சீருடை என்ன நிறம், எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, சாவி யார்கிட்ட இருக்குன்னு அடுத்த மாசக் கூட்டத்துல சொல்லுங்க. செயலாளர் அதைத் தீர்மான நோட்டுல எழுதட்டும், பேரைச் சொல்லியே எழுதட்டும். ஸ்டூலுக்காக நாங்க நாலாவது தடவை அந்த ஒப்பந்தக்காரரைப் பார்க்கப் போறோம். கூட வர்றவங்க வரலாம்.